வில்லிஸ் ஜீப்புக்கு ஹூட் கம்பி: வாங்குவதா, வளைப்பதா?

வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் நம்பர் பார்ப்பார்கள், சேசிஸ் பார்ப்பார்கள், ஃபோர்டு என்றால் போல்ட் தலையில் 'எஃப்' எழுத்து இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுவார்கள். துணிக்கூரையைத் தாங்கும் ஹூட் கம்பியை யாரும் பார்ப்பதில்லை. வண்டி வீட்டுக்கு வந்து முதல் மழை பெய்யும்போதுதான் அது இல்லை என்பதே உறைக்கும். இரண்டாம் உலகப்போரின்போது இந்த இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன. ஒவ்வொன்றுக்கும் பின்பக்கமாக மடக்கிப் படுக்க வைக்கும் இரண்டு வளைவுக் கம்பிகள். போர் முடிந்து கைமாறிய வண்டிகளுக்கு ஆளாளுக்குக் கூண்டு கட்டினார்கள், தகரம் அடித்தார்கள். கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போனது.

இப்போது அதற்கு வழி நான்கு. பழைய கம்பியையே தேடிப் பிடிக்கலாம், வெளிநாட்டிலிருந்து புது நகல் வரவழைக்கலாம், மஹிந்திரா ஜீப்பின் கம்பியை வெட்டி ஒட்டலாம், உள்ளூர்ப் பட்டறையில் வளைக்கலாம். இதில் மூன்றைச் செய்து பார்த்து, இரண்டில் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

எதில் இறங்கும் முன்பும் ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: துணியை யார் தைக்கப் போகிறார்கள்? இதை நான் கடைசியில் யோசித்தேன், அதனால் சொல்கிறேன். வெளிநாட்டில் வெட்டித் தைத்து வரும் கேன்வாஸ், ஃபேக்டரி அளவுக்குத் தைத்தது. ஹூட் போட்ட எம்பியின் உயரம் 69¾ அங்குலம் என்றால் துணியும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். கம்பி அரை அங்குலம் உயர்ந்தால் முன்பக்கத் துணி கண்ணாடி ஃப்ரேமில் இருக்கும் பட்டன்களை எட்டாது. தாழ்ந்தால் நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கி மழைநீர் தேங்கும். இதுவே நம்மூர் குஷன் கடைக்காரர் தைத்தால், கம்பியை வண்டியில் நிறுத்தி, அதன்மேல் துணியைப் போட்டு, சாக்பீஸால் கோடு கிழித்து வெட்டுவார். கம்பியில் உள்ள கோணல் துணியில் சரியாகிவிடும். அதாவது துணி வெளியூர் என்றால் கம்பி மில்லிமீட்டர் சுத்தமாக இருக்க வேண்டும். துணி உள்ளூர் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

பழைய அசல் கம்பி கிடைத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. சென்னை புதுப்பேட்டையில் 'ஜீப் ஹூட் கம்பி' என்று கேட்டால் பத்து விதம் எடுத்துப் போடுவார்கள், அதில் எம்பி கம்பி இருந்தால் உங்கள் ஜாதகம். கிடைத்தாலும் வாங்கும் முன் கீழ் முனைகளைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். குழாயின் உள்ளே இறங்கும் தண்ணீர் அங்கேதான் தங்கும். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் மொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

மஹிந்திரா கம்பி ஆசை காட்டும். மஹிந்திரா 1947-லேயே வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பித்தது, அதன் சிஜே-3பி மாடல் பல பத்தாண்டுகள் ஓடியது, அதனால் கம்பிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது ஆள் ஏறி இறங்கும் வண்டிக்கான கம்பி. எம்பிக்குப் பின்கதவே கிடையாது, அங்கே ஸ்டெப்னிதான் தொங்கும். நான் பார்த்த மஹிந்திரா கம்பிகள் எல்லாம் உயரமானவை, நீளவாட்டில் குறுக்குச் சட்டம் வைத்தவை, மடக்கிப் படுக்கவே படுக்காதவை. வெட்டி ஒட்டினால் ஜீப்புக்கு மேல் பந்தல் போட்ட மாதிரி இருக்கும். இந்த வழியை நான் தொடவில்லை.

வெளிநாட்டு நகல் பார்க்க அழகாக இருக்கிறது. பிலிப்பைன்ஸில் எம்.டி. ஹுவான் போன்ற நிறுவனங்கள் முழு ஜீப் பாடியையே புதிதாகச் செய்து விற்கும் காலம் இது, வளைந்த இரண்டு குழாய் அவர்களுக்குப் பெரிய வேலையில்லை. சிக்கல் கம்பியின் விலையில் இல்லை, வரும் வழியில் இருக்கிறது. 25.4 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 1.6 மில்லிமீட்டர் கனம் உள்ள குழாய் மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. இரண்டு கம்பிக்கும் 6 மீட்டர் என்று வைத்தாலும் 6 கிலோ தாண்டாது. ஆனால் கூரியர்காரர்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். 120, 100, 15 என்று ஒரு பெட்டி போட்டால் 36 கிலோ. முக்கால்வாசிக் காற்றுக்குத்தான் கூலி. அதற்கு மேல் சுங்கம். எனக்குக் கம்பி விலையைவிட அது வந்து சேர்ந்த செலவு அதிகம். வந்த பிறகும் பொருந்தவில்லை. குற்றம் கம்பியில் இல்லை. எண்பது வருடமாகத் தட்டி, வெட்டி, வெல்டிங் வைத்த என் வண்டியின் பாடி, கம்பியைப் பிடிக்கும் பிராக்கெட் இருக்கும் இடத்தில் 11 மில்லிமீட்டர் விரிந்திருந்தது.

அந்தக் கம்பியை அதே விலைக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு உள்ளூர்ப் பட்டறைக்குப் போனேன். முதல் முறை கேட் கிரில் செய்கிற இடம். 'ஒரு இன்ச் குழாய்' என்றேன். ஒரு இன்ச் ஜிஐ பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய தண்ணீர் பைப்பில், வளைத்துவிட்டார். தண்ணீர் பைப்புக்குச் சொல்லும் இன்ச், உள்துளையை ஒட்டிய பெயர். ஒரு இன்ச் ஜிஐ பைப்பின் வெளிவிட்டம் 33.7 மில்லிமீட்டர். பிராக்கெட்டில் எங்கே நுழையும்? கேட்டால், "சார், ஒரு இன்ச்னா இதுதான் சார்" என்கிறார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதனால் இன்ச் என்று வாயால் சொல்லாதீர்கள். வெர்னியரைக் கையில் கொண்டுபோய் வெளிவிட்டத்தைக் காட்டுங்கள். தவிர, ஜிஐ பைப்பில் வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை நெஞ்சை அடைக்கும், காய்ச்சலே வரும்.

இரண்டாவது பட்டறையில் ஒரு பெரியவர். கறுப்பு இஆர்டபிள்யூ குழாயை, அதாவது தகட்டைச் சுருட்டி நீளவாட்டில் வெல்டிங் வைத்த குழாயை, வாங்கி வரச் சொன்னார். தரையில் சாக்பீஸால் முழு அளவுக்குப் படம் போட்டார். மணலைச் சலித்து, வாணலியில் வறுத்து, குழாயில் கெட்டித்து, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்தார். ஈர மணல் என்றால் சூடு பண்ணும்போது நீராவி கட்டையைத் துப்பாக்கிக் குண்டு மாதிரித் துப்பிவிடுமாம். குழாயின் தையல் கோடு, அந்த வெல்டிங் கோடு, வளைவின் வெளியிலும் வராமல் உள்ளேயும் வராமல் பக்கவாட்டில் இருக்கும்படி திருப்பி வைத்தார். வெளியே வந்தால் இழுபட்டுப் பிளக்கும், உள்ளே வந்தால் சுருங்கும். படத்தில் இருப்பதைவிட ஒரு துளி அதிகமாகவே வளைத்தார், விட்டதும் அது கொஞ்சம் திரும்பி வந்து கோட்டில் உட்கார்ந்தது. ஒரு மணி நேரம் நின்றே பார்த்தேன், டீ ஆறிப்போனது.

என் பாடியின் 11 மில்லிமீட்டரையும் சேர்த்து வளைத்ததால் கம்பி மடக்கினால் விளிம்பை ஒட்டிப் படுக்கிறது, நிமிர்த்தினால் அழுத்தம் கொடுக்காமல் நிற்கிறது. ஆனால் திருகு வைத்த அந்தச் சின்ன பிராக்கெட்டுகளை லேத்தில் செய்யப் பார்க்காதீர்கள். செய்யலாம், ஆனால் நாலு நாள் போகும். அவை கைக்கடக்கமான பொருள், கூரியரில் நிஜ எடைக்கே வரும். அதை மட்டும் வரவழைத்தேன்.

உங்கள் வண்டி யாரும் தொடாத, நேரான பாடி கொண்டது, கண்காட்சிக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால் என் பேச்சைக் கேட்காமல் நகலையே வாங்குங்கள், கேன்வாஸையும் அங்கேயே எடுங்கள். ஓட்டுகிற வண்டி என்றால் பிராக்கெட்டை வாங்கி, குழாயை வளையுங்கள். எப்படியானாலும் பிராக்கெட்டுக்கு ட்ரில் போடும் முன் சி-கிளாம்ப் போட்டுப் பிடித்து, துணியை ஒருமுறை முழுதாக மாட்டி, கண்ணாடி ஃப்ரேமில் கடைசிப் பட்டன் வரை பூட்டிப் பாருங்கள். எனக்கு வலது பக்கம் 4 மில்லிமீட்டர் பின்னால் தள்ள வேண்டியிருந்தது.