லெதர் காய்ந்துவிட்டது, பஞ்சு காயவில்லை

மடிப்பாக்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கேட்ட கேள்விதான் இதை எழுதக் காரணம். முன்சீட்டில் வைத்து எடுத்து வந்த இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் வேகத்தடையில் சாய்ந்து, மூடி கழன்று, பாதித் தண்ணீர் லெதர் சீட்டில் இறங்கிவிட்டதாம். "மேலே துடைச்சுட்டேன் சார், பார்க்க நல்லாத்தான் இருக்கு. தேங்காய் எண்ணெய் தடவிட்டாப் போதுமா?" என்றார். அந்த எண்ணெயை நானும் தடவியவன் என்பதால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

என் கார் 2018-இல் வாங்கியது. வெளிர் பழுப்பு நிற லெதர் சீட்டுகள், மேற்கூரையில் சன்ரூஃப். 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டபோது, வேளச்சேரிக்காரர்கள் பலரையும் போல நானும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினேன். தெருவில் ஏறும் தண்ணீரிலிருந்து கார் முழுமையாகத் தப்பியது. ஆனால் எங்கள் தெருத் தூங்குமூஞ்சி மரம் ஆண்டு முழுவதும் உதிர்த்த சின்னஞ்சிறு இலைகள் சன்ரூஃபின் வடிகால் குழாயை அடைத்திருந்ததால், மேலிருந்து விழுந்த மழை வெளியே வடிய வழியில்லாமல் உட்கூரை வழியாக ஊர்ந்து, விளக்கின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஓட்டுநர் சீட்டிலும் பக்கத்துச் சீட்டிலும் இறங்கியிருந்தது. ஏரித் தண்ணீருக்குப் பயந்து மேலே ஏறியவன் வானத்துத் தண்ணீரில் மாட்டிக்கொண்டேன்.

சர்வீஸ் நிலையத்தில் விட்டதுதான் முதல் தவறு. அதன் பெயர் இங்கே தேவையில்லை. நுரை போட்டுத் தேய்த்து, நீராவி அடித்து, அதற்குள் மழை விட்டு அடித்த வெயிலில் நான்கு கதவுகளையும் திறந்து நிறுத்தி, மாலையில் பளபளப்புத் திரவம் பூசித் திருப்பித் தந்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் சீட் வழுக்கியது. மறுவாரம் ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்க விளிம்பு அப்பளம்போல் விறைத்து, தையல் ஓரம் இழுத்துக்கொண்டு நின்றது. பதனிட்ட தோலின் இழைகளுக்கு நடுவே ஏற்றியிருக்கும் எண்ணெய்ப் பசைதான் அதை மென்மையாக வைத்திருக்கிறது. நனைந்த தோலை வெயிலிலோ சூடான காற்றிலோ அவசரமாக உலர்த்தினால் அந்தப் பசை இடம் மாறி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தோல் சுருங்கி விறைக்கும். தோல் இயல்பிலேயே சற்று அமிலத் தன்மை உள்ளது. காரத் தன்மையுள்ள சோப்பு நுரை அதற்கு ஆகாது. தோல் பதனிடும் தொழிற்சாலையால் குரோம்பேட்டை என்று ஒரு பகுதிக்கே பெயர் வந்த, அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை வைத்திருக்கும் ஊரில், கார் கழுவுகிறவரிடம் இதைச் சொல்ல ஆளில்லையே என்று அன்று மிகவும் கோபப்பட்டேன். நியாயமாகப் பார்த்தால் எனக்கும் அப்போது தெரியாது. வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தடவியது அதற்குப் பிறகுதான். கார் சீட்டுத் தோலின் மேல் நிறப்பூச்சும் காப்புப்பூச்சும் இருப்பதால் எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே பிசுபிசுவென்று நின்று, இரண்டு சட்டைகளைக் கெடுத்து, தூசியைப் பிடித்துவைத்தது. பத்து நாளில் முதுகுப் பக்கத் தையலில் சாம்பல் நிறப் புள்ளிகளாகப் பூஞ்சை கிளம்பியது.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சீட் கவர் தைக்கும் ஒரு பெரியவரிடம் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. சீட்டின் அடியில் கையை விட்டு அழுத்தினார். விரல் நனைந்து வந்தது. "தோலு காஞ்சிடுச்சு சார். கீழ பஞ்சு இன்னும் தண்ணி குடிச்சுட்டு உக்காந்திருக்கு" என்றார். சீட்டைக் கழற்றி, உறையைப் பிடித்திருந்த கம்பி வளையங்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிரித்து, உறையைத் திருப்பிக் காட்டினார். நாம் உட்காரும் நடுப்பகுதியின் உட்புறம் ஆட்டுக்குட்டியின் காதைப் போல மெல்லிய பூம்பஞ்சாக இருந்தது. அது அசல் தோல். பின்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் உட்புறத்தில் இருந்தது வலைத்துணி. அதாவது வெறும் ரெக்சின், செயற்கைத் தோல். லெதர் சீட் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியதில் பாதிதான் லெதர் என்பதை ஆறு ஆண்டு கழித்து ஒரு குறடு எனக்குச் சொன்னது. பல கார்களில் இப்படித்தான் என்று அவர் ஆறுதலும் சொன்னார்.

அந்தப் பஞ்சை வீட்டுக்குக் கொண்டுவந்து உலர்த்திய ஒரு வாரத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. முதலில் துண்டு விரித்து, அதன் மேல் ஏறி நின்று மிதித்து, துண்டு நனைவது நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு ஏசி போட்ட படுக்கையறையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்து, மேசை மின்விசிறியையும் ஓடவிட்டேன். மழைக்காலச் சென்னையின் காற்றில் மின்விசிறி மட்டும் பிசுபிசுப்பைச் சுற்றிவிடுகிறதே தவிர உலர்த்துவதில்லை. காற்றின் ஈரத்தை ஏசிதான் எடுத்து வெளியே தள்ளும். தொட்டுப் பார்த்துக் காய்ந்ததாக முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டிருந்ததால், தினமும் காலையில் எடை பார்த்தேன். முதல் நாள் 4 கிலோ 300 கிராம் இருந்தது, மூன்றாம் நாள் 2 கிலோ 100, ஆறாம் நாள் 1 கிலோ 400. ஏழாம் நாளும் அதே 1 கிலோ 400 காட்டியபோதுதான் உறைக்குள் திரும்ப வைக்கச் சம்மதித்தேன். மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரின் மேல் ஒரு மாதம் உட்கார்ந்து அலுவலகம் போயிருக்கிறேன். அந்த வாரம் முழுவதும் படுக்கையறையில் யாருடன் யார் இருப்பது என்பது பற்றி வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத வேண்டியதில்லை.

சீட்டை நீங்களே கழற்றுவதானால் ஒன்றில் கவனமாக இருங்கள். அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக்குக்குப் போகும் வயர். பேட்டரியின் இணைப்பை முதலில் எடுத்து, சில நிமிடங்கள் பொறுத்த பிறகே அதைத் தொட வேண்டும். அது கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கிவிடும். சில கார்களில் அதை அணைக்க மறுபடியும் சர்வீஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். எனக்கு அந்தத் தண்டனை வேண்டாம் என்பதாலேயே அந்தப் பெரியவரிடம் விட்டேன்.

தோலுக்குச் செய்தது மிகக் குறைவு. பூஞ்சையை, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து நனைத்துப் பிழிந்த துணியால், மறைவான ஓரிடத்தில் சோதித்த பிறகு, கதவைத் திறந்துவைத்துத் துடைத்தேன். நனைந்த இடத்துக்கும் காய்ந்த இடத்துக்கும் நடுவே வரைபடக் கோடுபோல் ஒரு கறை தெரிந்தது. அந்தப் பகுதி முழுவதையும் ஈரத்துணியால் ஒரே சீராகத் துடைத்து நிழலில் உலரவிட்டதும் பெரும்பாலும் மங்கிவிட்டது. கடைசியாக, லெதருக்கென்றே விற்கும் கண்டிஷனரைச் சிறிதளவு எடுத்துத் துணியில் தடவித் தேய்த்தேன். விறைத்த விளிம்பு முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால் நடுப்பகுதி, அத்தனை கொடுமைக்குப் பிறகும், உள்ளங்கையை வைத்தால் புதிதில் இருந்த அதே குழைவோடு இருக்கிறது. அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்கத்தான் வேண்டும்.

அப்படியானால் தீராத எரிச்சல் எது என்றால், வாடை. ஓட்டுநர் சீட்டில் இல்லை, பக்கத்துச் சீட்டில். அதில் சொட்டியது குறைவு, மேலே கையை வைத்தால் காய்ந்திருந்தது என்று அதைக் கழற்றாமல் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இன்னொரு வடகிழக்குப் பருவமழையும் வந்து போய்விட்டது. ஏசி ஓடும்வரை ஒன்றும் தெரியாது. புழுக்கமான மாலையில் இன்ஜினை அணைத்துவிட்டு யாருக்காகவாவது காத்திருந்தால், ஐந்தாவது நிமிடம் பழைய கோணிச் சாக்கின் வாடை மெல்ல எழுந்து வரும். வாசனைப் புட்டி தொங்கவிட்டதில் சாக்கும் மல்லிகையும் கலந்து இன்னும் மோசமானது. இதற்கு நான் சர்வீஸ் நிலையத்தையும் லெதரையும் இரண்டு ஆண்டுக்கும் போதுமான அளவு திட்டிவிட்டேன். இரண்டுக்கும் இதில் பங்கில்லை என்று தெரிந்தும்.

லெதர் சீட் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் பதில். அடுத்த காரில் துணி சீட்தான், சன்ரூஃப் கிடையவே கிடையாது. இதைச் சொன்னபோது அந்தத் தையற்காரப் பெரியவர், இந்த இரண்டு உறைகளையும் கழற்றித் தந்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டு புதிய ரெக்சின் போட்டுத் தருவதாகச் சொன்னார். அரைமணி நேரம் யோசித்துவிட்டுக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

நண்பரிடம் எண்ணெய்ப் பாட்டிலைச் சமையலறைக்கே அனுப்பிவிட்டுச் சீட்டைக் கழற்றச் சொன்னேன். மேலே காய்ந்துதானே இருக்கிறது என்று மறுபடியும் ஆரம்பித்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போவதாக ஏற்பாடு. அவருடைய முன்சீட்டோடு என் பக்கத்துச் சீட்டும் இறங்குகிறது. படுக்கையறை விஷயத்தை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.