களிமண்ணா, மாக்கல்லா: முப்பரிமாண வடிவம் பழக எதில் தொடங்கலாம்?

களிமண் உருவம் சேர்க்கச் சேர்க்க வளரும். மாக்கல் என்னும் மென்கல் செதுக்கச் செதுக்கக் குறையும். மற்ற வேறுபாடெல்லாம் இதிலிருந்தே வருகிறது.

களிமண்ணில் மூக்கு சிறுத்துவிட்டால் ஓர் உருண்டை ஒட்டிச் சரிசெய்யலாம். ஆனால் ஒட்டும் இரு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவ வேண்டும். இல்லையேல் காய்ந்ததும் கழன்றுவிடும். சுடப்போகும் உருவை உள்ளே குடைந்து, சுவரை 1 முதல் 2 செ.மீ. கனத்துக்குள் வையுங்கள். தடித்த இடத்தில் ஈரம் தங்கினால் சூளையில் நீராவி உடைத்துவிடும். சேலத்து வெயிலில் காது, விரல் போன்ற மெல்லிய பகுதிகள் முதலில் காய்ந்து சுருங்கி வெடிக்கும். அவற்றை ஈரத்துணியால் மூடுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் தொல்லை வேறு: நாள்கணக்கில் காயாது.

கல்சட்டி குடையும் மாக்கல், அரத்துக்கும் இணங்கும் மென்கல். கல்லின் நான்கு பக்கத்திலும் உருவின் கோட்டை வரைந்து, துருத்தும் பகுதிகளைக் கொஞ்சம் பெரிதாகவே விட்டுச் செதுக்குங்கள். போன கல் போனதுதான். தூசி நுரையீரலுக்குக் கேடு; நனைத்துத் தேயுங்கள், முகமூடி கட்டாயம்.

எங்கள் தேர்வு முதலில் களிமண். ஐந்து நிமிடத்துக்கொரு முறை உருவைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்தபின், அதே உருவைக் கல்லில் செய்யலாம்.