எச்சில் துப்பும் பிரைமர்

வண்டிப் பழுதுவேலைக்கென்று விற்கிற சாம்பல் நிறப் பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஸ்ப்ரே டப்பாவின் விலை இறங்கியிருக்கிறது, அலமாரியில் வைக்கிற சிறிய கார் மாடலுக்கு அது ஆகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த டப்பாவோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டி வருகிறவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். இந்த விலைக்குக் கிடைப்பவற்றில் பலவற்றுக்கும் இதே குணம்தான்.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுகிறேன். உள்ளே இருக்கும் சரக்கில் ஒரு குறையும் இல்லை. பழைய பெயின்டை உரித்தெடுத்த டைகாஸ்ட் காரின், அதாவது அச்சில் வார்த்த பொம்மைக் காரின், உலோக உடல் மேல் இது பிடிக்கிற பிடி அபாரம். நன்றாகக் காய்ந்தபின் 1000 எண் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் இழுத்தால் போதும்: சாம்பல் நிறப் பால் வழிகிறது, தாள் அடைத்துக்கொள்வதில்லை, பெயின்ட் உருண்டு திரண்டு வருவதில்லை. துடைத்துவிட்டு விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், பானெட்டின் மேல் ஒரே சீரான மங்கல். பெயர் பெற்ற மாடல் பிரைமர்களில்கூட இவ்வளவு வசதியாகத் தேய்க்கக் கிடைத்ததில்லை எனக்கு.

பாகங்களை ஒட்டி நாமே செய்கிற பிளாஸ்டிக் கிட் என்றால் கதை வேறு. அவற்றின் உடல் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். வண்டிப் பிரைமர்களில் கலந்திருக்கும் அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் அதை இளக்கிவிடும். டப்பாவின் மேல் ‘பிளாஸ்டிக்குக்கும் ஏற்றது’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அவர்கள் மனத்தில் இருப்பது நிஜ வண்டியின் பம்பர். அது வேறு பிளாஸ்டிக். கிட்டில் பாகங்களைத் தாங்கி நிற்கும் ஸ்ப்ரூ சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, அதன் மேல் ஈரமாகப் படியும்படி அடித்துப் பாருங்கள். காய்ந்தபின் மெல்லிய விரிசல் கோடுகள் தெரிந்தாலோ, நகத்தால் அழுத்தும்போது மெத்தென்று இருந்தாலோ அந்த டப்பா அந்தக் கிட்டுக்கு ஆகாது. என்னுடையது மெல்லிய பூச்சாக அடித்தால் ஒன்றும் செய்யவில்லை. ஒரே இடத்தில் நனைய அடித்தால் கடித்துவிடுகிறது.

‘ஃபில்லர்’ என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். அது கீறலை நிரப்புவதற்கென்றே தடிமனாகச் செய்தது. 1/24 அளவில் 0.1 மில்லிமீட்டர் பூச்சு என்பது நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டர் பட்டி பூசியதற்குச் சமம். கதவு இடுக்குக் கோடு, எழுத்துச் சின்னம், கதவுக் கைப்பிடியின் குழிவு எல்லாம் புதைந்துபோகும்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். நாசில், பெயின்ட் பீச்சும் அந்த மூக்கு! இவ்வளவு நல்ல சரக்கை அடைத்தவர்கள், அதன் தலையில் இதை ஏன் செருகினார்கள்? மாடல்களுக்கென்று செய்த டப்பாவில் பொத்தானை அழுத்தினால் மென்மையான புகைபோல வருகிறது. இதிலோ கெட்டியான ஒரே பீச்சல். அதுகூடப் பரவாயில்லை, தூரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று 25 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் பிடித்தால், துளிகள் வழியிலேயே பாதி காய்ந்து, கூரையின் மேல் சொரசொரவென்று உட்காருகின்றன. நெருங்கினால் வழிகிறது, விலகினால் மணலாகிறது. இரண்டுக்கும் நடுவே விரலளவு இடைவெளியில்தான் இது ஒழுங்காக நடந்துகொள்ளும்.

அதைவிடக் கொடுமை, துப்புவது. நாசில் துளையின் விளிம்பில் பெயின்ட் திரண்டு நிற்கும். அடுத்த அழுத்தில் அது அப்படியே பறந்து கதவின் நடுவில் போய் விழும். டப்பா பாதிக்குக் கீழே இறங்கியதும் இந்த வியாதி முற்றுகிறது. தொடர்ந்து அடிக்கும்போது உள்ளே திரவமாக இருக்கும் வாயு ஆவியாவதால் டப்பா குளிர்கிறது, அழுத்தம் இறங்குகிறது, துளிகள் பெரிதாகின்றன. கையிலேயே அந்தச் சில்லிப்பு தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் நிறுத்தி எடுத்தால் சரியாகும். கொதிநீரோ அடுப்போ கூடவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடேற்றாதே என்ற எச்சரிக்கை வெறும் சம்பிரதாயத்துக்குப் போட்டதல்ல. அழுத்துவதைக் காருக்கு வெளியே தொடங்கி, வெளியே போய் விடுவது, ஒவ்வொரு வீச்சுக்கும் நாசிலைத் துணியால் ஒற்றுவது, வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து வாயு மட்டும் வரும்வரை அழுத்துவது எனச் செய்ய வேண்டியதெல்லாம் செய்கிறேன். அப்படியும் துப்புகிறது.

சரக்கைக் கோப்பையில் இறக்கி, வாயு அடங்கவிட்டு, காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் ஏர்பிரஷில் அடிக்கலாமே என்பீர்கள். அடித்தேன், அருமையாக இருந்தது. ஆனால் ஏர்பிரஷும் கம்ப்ரசரும் வைத்திருப்பவன் மலிவு ஸ்ப்ரே டப்பாவை ஏன் தேடப் போகிறான்?

மாடல்களுக்கென்றே விற்கும் தமியாவின் ஃபைன் சர்ஃபேஸ் பிரைமரும் மிஸ்டர் சர்ஃபேசர் 1000, 1500 வகைகளும் விலை அதிகம், டப்பாவும் சிறியது. கோடுகளை மூடாமல் படிகின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த நாசிலுக்குத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சிவப்பு பிளாஸ்டிக்கின் சாயம் மேலே ஊறி வருவதை விலை உயர்ந்த பிரைமரும் எப்போதும் தடுத்துவிடாது; அடியில் ஒரு வெள்ளி நிறப் பூச்சுக் கொடுப்பதே உத்தமம்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். எப்போதாவது ஒரு கார் செய்கிறவர் நீங்கள். கதவில் விழுந்த துளியைக் காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடித்துக் கழியும் மாலைகளைக் கணக்கில் சேர்த்தால் சிறிய டப்பாவே மலிவு. நான் வாங்கிவிட்டேன், அது வேறு விஷயம். பழைய டைகாஸ்ட் உடல்கள் நிறையக் கிடக்கின்றன. அவற்றுக்கு இதைவிட நல்ல சரக்கு இந்த விலைக்கு வராது. அடிக்கும்போது கரிம ஆவியைத் தடுக்கும் முகமூடி அணியுங்கள். தூசி முகமூடி இதற்குப் போதாது. விலை உயர்ந்த டப்பாவுக்கும் அது கட்டாயம்.