வண்ணாரப்பேட்டையில் பிழைத்த லேப்டாப்

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021இல் வந்த மெட்ரோவில் இந்த முறைதான் ஏறினேன். அருமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத வந்தது அக்கா வீட்டு லேப்டாப்பைப் பற்றி.

மெல்போர்னில் வாங்கி, என் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே அமைத்து அக்காவுக்குக் கொடுத்தது அது. அம்மாவின் பழைய படங்களை ஸ்கேன் செய்து வைத்திருப்பதும் அதில்தான். சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டியதும், அக்கா மகன் ஏதோ வீடியோவைப் பார்த்து, விண்டோஸ் ஓடத் தேவையான கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரின் அனுமதியை மாற்றி, கண்ணில் பட்டதையெல்லாம் ஷிஃப்ட் டெலீட் அடித்துவிட்டான். அப்படி அழித்தால் ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. அப்புறம் நீலத் திரைதான்.

முதலில் போனது ஏசி போட்ட பெரிய கடை. மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஃபார்மேட் பண்ணிடலாம் சார், டேட்டாவுக்கு கேரண்டி கிடையாது." படங்கள் இருக்கின்றன என்று சொன்னால், ஒரு ஃபாரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மெல்போர்ன் கடைகளில் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே பேச்சு. அந்தப் பழக்கம்தானா இங்கேயும் வரவேண்டும்? வயிறு எரிந்தது.

எம்.சி. ரோட்டு ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் இடிபட்டு, ஒரு சந்துக்குள் இருந்த சின்னக் கடைக்குப் போனோம். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். அந்தத் தம்பி முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "ஃபார்மேட்டு எங்கண்ணா போய்டப்போவுது, கடைசில பாத்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பாதி உயிர் வந்தது.

பென் டிரைவைச் செருகி பூட் செய்ததும் பிட்லாக்கர் பூட்டு. 48 இலக்க ரெகவரி கீ கொடுத்தால்தான் டிஸ்க் திறக்கும். அது என் கணக்கில் இருக்கிறது. கணக்கைத் திறக்க வரும் ஓடிபியோ ரோமிங் இல்லாத ஆஸ்திரேலிய நம்பருக்குப் போகிறது! வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கு திறந்தே இருப்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. இங்கே இரவு ஏழரை, அங்கே நள்ளிரவு. மனைவியை எழுப்பினேன். கீ ஐடியின் முதல் எட்டு எழுத்து பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, அவள் ஆறு ஆறு இலக்கமாக வாசிக்க, வெளியே ஆட்டோ ஹார்ன் அலற, தம்பி ஒவ்வொரு ஆறையும் திருப்பிச் சொல்லிச் சொல்லி அடித்தார். ஐந்தாவது வரிசையில், "அக்கா, கடைசி நம்பர் மூணா, ஏழா?" எட்டு வரிசையும் முடிந்து டிஸ்க் திறந்தபோது கடை வாசலில் நின்ற முன்பின் தெரியாதவர்கூட "வந்துருச்சா?" என்று எட்டிப் பார்த்தார்.

முதல் வேலையாகப் படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினார். அதற்குப் பிறகுதான் ரிப்பேர். பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் சி டிரைவ் சில நேரம் டி என்று காட்டும். அதைச் சரிபார்த்துவிட்டு அழிந்த, கெட்ட விண்டோஸ் கோப்புகளைத் திருப்பி வைக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையைக் கொடுத்தார். சிஸ்டம்32 கோப்புகளில் பெரும்பாலானவை வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற இன்னொரு விண்டோஸ் ஃபோல்டரிலும் இருப்பவை. அங்கிருந்துதான் அந்தக் கட்டளை எடுத்து வைக்கும். ஒரே கோப்புக்கு இரண்டு இடத்தில் பெயர். அதனால் ஒரு பெயரை அழித்தாலும் பொருள் போவதில்லை, டிஸ்கில் இடமும் மிச்சமாவதில்லை. இதைச் சொன்னபோது அக்கா மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஓடி முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்தது. கேட்டது 600 ரூபாய். கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். இனிமேல் பையனுக்கு அட்மின் அனுமதி வேண்டாம் என்று தனி யூசர் கணக்கு போட்டு, அவனுடைய கேம் வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்ததும் அந்த 600க்குள்தான்.