சமநிலை என்றால் சமமா? வைகை அணை, ஸ்ட்ரா, சோதனைக் குழாய்

"சார், சமநிலைன்னா ரெண்டு பக்கமும் சமமாத்தானே இருக்கணும்?" பிளஸ் ஒன் வேதிச்சமநிலைப் பாடத்தில் இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. பிள்ளைகள் மேல் தப்பில்லை. சொல்லுக்குள்ளேயே 'சமம்' உட்கார்ந்திருக்கிறது. கேட்டதும் தராசுதான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே சமமாவது முன்னோக்கு வினை (வினைபடுபொருள் விளைபொருளாவது), பின்னோக்கு வினை (விளைபொருள் திரும்ப வினைபடுபொருளாவது) இரண்டின் வேகம் மட்டும்தான். அளவுகள் எப்படியும் இருக்கலாம். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் நான் இந்தப் பாடத்தைப் பல விதமாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். எது எங்கே கைகொடுக்கிறது என்று சொல்கிறேன்.

பலரும் செய்வது, வாய்பாட்டில் தொடங்குவது. 1864-இல் குல்ட்பெர்க்கும் வாகேயும் சொன்ன நிறைதாக்க விதி (வினையின் வேகம் வினைபடுபொருள்களின் செறிவைப் பொறுத்தது என்பது), அதிலிருந்து சமநிலை மாறிலி (சமநிலையில் விளைபொருளுக்கும் வினைபடுபொருளுக்கும் இடையே மாறாமல் நிற்கும் விகிதம்), அப்புறம் புக் பேக் கணக்குகள். பாடம் சீக்கிரம் முடியும், மதிப்பெண்ணும் வரும். ஆனால் கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளையிடமே "இப்போது குடுவைக்குள் என்ன நடக்கிறது?" என்று கேட்டால், "வினை நின்றுவிட்டது சார்" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் நான் வேறு வழி தேடினேன்.

நம் ஊர்ப் பக்கம் சட்டென்று வாயில் வரும் உதாரணம் வைகை அணை. நிறைந்தால் நீர்மட்டம் 71 அடி. நீர்வரத்தும் வெளியேற்றமும் ஒன்றாக இருந்தால் நீர்மட்டம் மாறாது. 'உள்ளே ஓட்டம் உண்டு, வெளியே மாற்றம் தெரியாது' என்பதற்கு இது அழகான படம். ஆனாலும் தவறான படம். அணைக்குள் ஒரு பக்கம் வந்த நீர் மறுபக்கம் போகிறது, வந்த வழியே திரும்புவதில்லை. வேதிச்சமநிலைக்கு மூடிய அமைப்பு வேண்டும். போனது திரும்பி வர வேண்டும். இந்த உதாரணத்தை நானே சில வருடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அதில் தொடங்குவதில்லை.

எனக்குப் பிடித்தது ஸ்ட்ரா சோதனை. முதலில் இரண்டு வாளி, பெரிய டம்ளர், சின்ன டம்ளர் வைத்துச் செய்தேன், சரியாக வரவில்லை. வாளியில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் டம்ளர் நிறைய அள்ள முடிகிறதே! அளவு குறையக் குறைய வேகமும் குறைய வேண்டும். ஸ்ட்ராவில் அது தானாக நடக்கும். 50 மில்லி அளவு ஜாடி இரண்டு, ஒரு தடித்த ஸ்ட்ரா, அதில் பாதி விட்டமுள்ள மெல்லிய ஸ்ட்ரா போதும். ஸ்ட்ராவை அடிவரை விட்டு, மேல் துளையை விரலால் மூடித் தூக்கினால், ஜாடியில் தண்ணீர் நின்ற உயரத்துக்குத்தான் ஸ்ட்ராவிலும் நிற்கும்.

இடது ஜாடி வினைபடுபொருள், வலது ஜாடி விளைபொருள் என்று வைத்துக்கொள்வோம். இடது ஜாடியில் 50 மில்லி, வலதில் ஒன்றுமில்லை. ஒரு பிள்ளை தடித்த ஸ்ட்ராவால் இடமிருந்து வலம், இன்னொரு பிள்ளை மெல்லியதால் வலமிருந்து இடம், ஒரே நேரத்தில். ஒவ்வொரு முறையும் மூன்றாவது பிள்ளை இரண்டு அளவையும் குறிக்கும். முப்பது முறைக்குள் இடதில் ஏறக்குறைய 10, வலதில் 40 என்று நின்றுவிடும். கை நிற்கவில்லை, மட்டம் நின்றுவிட்டது. அப்போது வகுப்பில் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதற்காகவே இந்தச் சோதனையைச் செய்யலாம். அப்புறம் 50 மில்லியையும் வலதில் ஊற்றித் தொடங்கினாலும் அதே 10, 40. அதோடு 10 மில்லி சேர்த்தால் 12, 48. விகிதம் மாறவில்லை. சமநிலை மாறிலியை நான் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குறையும் உண்டு. வினைபடுபொருள் ஒரு பாத்திரத்திலும் விளைபொருள் இன்னொன்றிலும் தனித்தனியாக இருப்பதாக மனசில் பதிந்துவிடும். வெப்பநிலையின் விளைவையும் இதில் காட்ட முடியாது. இந்த இரண்டுக்கும் சோதனைக் குழாய்தான் மருந்து. பெர்ரிக் குளோரைடையும் பொட்டாசியம் தயோசயனேட்டையும் கலந்தால் சிவக்கும்; அந்தச் சிவப்பு விளைபொருளின் நிறம். நிறையத் தண்ணீர் விட்டு இளஞ்சிவப்பாக்கிக்கொள்ளுங்கள். கெட்டியாக இருந்தால் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. பெர்ரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டாலும் நிறம் கூடும், வேறொரு குழாயில் தயோசயனேட் ஒரு சொட்டு விட்டாலும் கூடும். அப்படியென்றால் இரண்டுமே ஒரே குழாய்க்குள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. ஒரு குழாயைச் சுடுதண்ணீரில் வைத்தால் வெளிறும், பெட்டிக்கடை ஐஸில் வைத்தால் சிவப்பு ஏறும். லீ சாட்லியர் 1884-இல் சொன்ன தத்துவம் (சமநிலையைக் குலைத்தால், அந்த மாற்றத்தைக் குறைக்கும் பக்கமாக அது நகரும்) கைக்குள் வந்துவிடும். ஆனால் மூலக்கூறுகள் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பது இதில் தெரியாது. அதனால் குழாயை மட்டும் காட்டி நிறுத்த மாட்டேன்.

பள்ளியின் ஹைடெக் லேப் (கணினி ஆய்வகம்) வீடியோவை, வாயுச் சமநிலைக்கு வழக்கமாகக் காட்டும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். அது நச்சு வாயு, வகுப்பறையில் வேண்டாம்.

என்னைக் கேட்டால் முதல் நாள் ஸ்ட்ரா, மறுநாள் குழாய், மூன்றாம் நாள் வாய்பாடும் கணக்கும். கடைசியாக அணையைக் கேள்வியாகக் கொண்டுவருவேன்: "வைகை அணை நீர்மட்டம் ஒரு வாரமாக மாறவில்லை. அது சமநிலையில் இருக்கிறதா?" போன வருடம் பின் பெஞ்சில் ஒரு பையன் எழுந்து சொன்னான்: "இல்ல சார், மதுரைக்கு வந்த தண்ணி திரும்ப அணைக்குப் போகாதுல்ல."