அப்பிள் சைடர் வினாகிரி வாங்குகிறவர்கள் லேபிளைச் சுரண்டிப் பாருங்கள்

போன மாதம் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில் 3,400 ரூபாய் கொடுத்து அரை லீற்றர் அப்பிள் சைடர் வினாகிரி வாங்கினோம். காசு போனதைக்கூட விடலாம். அம்மாவின் குளிசையில் கை வைத்ததைத்தான் என்னால் விட முடியவில்லை.

அம்மாவுக்கு 12 வருடமாகச் சலரோகம். மாமி வட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரே பிடியாக நின்றார். கடைக்காரத் தம்பி இன்னும் ஒரு படி மேலே போனார். "அன்ரி, விடிய வெறும் வயித்தில ஒரு மூடி அப்பிடியே குடியுங்கோ. ஒரு மாதத்தில குளிசையைப் பாதியாக்கலாம்." பில் கேட்டேன், மெசின் பழுதாம். அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும்.

மூன்றாம் கிழமை கிளினிக்கில் சாப்பிடாமல் பார்த்த சீனி 268. வழமையாக 140ஐத் தாண்டாது. வீட்டில் தேடினால், மெற்போமின் குளிசைகளைப் பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டி ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறார். அதைவிட நாலைந்து நாளாகத் தொண்டை எரிவு, சொல்லவே இல்லை.

டொக்டர் ஏசவில்லை, விளங்கப்படுத்தினார். வினாகிரி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சீனி கொஞ்சம் குறையலாம். அவ்வளவுதான், குளிசைக்குப் பதிலாகாது. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம், சலம் போகிற குளிசை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறையலாம். ஏறக்குறைய 5 வீதம் அசற்றிக் அமிலம் உள்ள சாமானைத் தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல் எனாமலும் கரையும், தொண்டையும் புண்ணாகும். உடம்பு மெலியும் என்று பலரும் காட்டுகிற லெபனான் ஆய்வு 2024இல் வந்தது. தரவுகள் நம்பக்கூடியவையாக இல்லை என்று 2025 செப்டெம்பரில் அதை மீளப்பெற்றுவிட்டார்கள். வீடியோக்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சரி, போத்தலுக்கு வருவோம். பிரிட்ஜ் ஈரத்தில் லேபிளின் மூலை எழும்பியிருந்தது. நகத்தால் சுரண்ட, அடியில் இன்னொரு லேபிள்: செயற்கை வினாகிரி. ஊறுகாய்க்கு வாங்குகிற அதே சாமான், கொஞ்சம் நிறம் சேர்த்தது. மேல் லேபிளில் அப்பிள் படம் பெரிதாக இருந்தது, இறக்குமதி செய்தவர் பெயரோ காலாவதித் திகதியோ இல்லை. அடியில் மண்டி இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள், வடித்தெடுத்த நல்ல சைடர் வினாகிரியும் தெளிவாகத்தான் இருக்கும்.

திருப்பிக் கொண்டுபோனேன். "திறந்த போத்தல் எடுக்கேலாது அண்ணை, நாங்கள் எடுத்து விக்கிறது மட்டும்தான்." நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். கையில் பில் இருந்தால் பேச்சு சுலபம், எங்களிடம் அதுவும் இல்லை. போத்தலையும் கழற்றிய லேபிளையும் படமெடுத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டப் போகிறேன்.

அம்மா முழுக் குளிசைக்குத் திரும்பிவிட்டார். நேற்று அந்த வினாகிரியில் கொஞ்சத்தைக் கேத்திலுக்குள் ஊற்றிக் கொதிக்க வைத்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீரால் அடியில் படிந்திருந்த சுண்ணாம்பு முழுக்கக் கழன்று வந்தது. "பார் தம்பி, 3,400 ரூபாய்க்கு நல்லா மினுங்குது" என்கிறார்.