சம்பள ஜப்தி: கடன் தீர்ப்பாணையும் ஜீவனாம்சத் தீர்ப்பாணையும்

இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, சாதாரணக் கடனுக்கான தீர்ப்பாணையில் மாதச் சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் ஜப்தியிலிருந்து காக்கிறது. 25,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 17,000 ரூபாய் மிஞ்சும்; அதிகபட்சம் 8,000 ரூபாய் பிடிக்கலாம். அதுவும் ஒரே தீர்ப்பாணைக்காக மொத்தம் 24 மாதங்கள் பிடித்தாகிவிட்டால், அதைக் காட்டி அவர் சம்பளத்தை மீண்டும் தொட முடியாது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் 400 ரூபாயிலிருந்து உயர்த்திய அந்த 1,000 ரூபாய், இன்றைய வீட்டு வாடகைக்கு எந்த மூலைக்கு என்பது வேறு கவலை.

ஜீவனாம்சத் தீர்ப்பாணையிலோ கணக்கு தலைகீழாகிறது: மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது அதே சம்பளத்தில் சுமார் 8,333 ரூபாய்க்கு மட்டுமே பாதுகாப்பு. கைவிடப்பட்ட மனைவியும் பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள் என்பதால், இந்தக் கடுமை முற்றிலும் நியாயமானதே.